தரையைக் காட்டியவள்

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. அந்த ஊர்க்காரர்கள் வடக்கே போவதென்றால் அரியலூருக்கு வந்துதான் ஏற வேண்டும். எங்களை வழியனுப்பப் பெரம்பலூர்ச் சபையும் வந்திருந்தது, எங்கள் பக்கத்துச் சபையும் வந்திருந்தது. பிளாட்பாரத்தில் பாட்டு, ஜெபம், சால்வை, மாலை. வண்டிக்குக் காத்திருந்த மற்ற ஜனங்கள் யாரோ பெரிய ஆள் போகிறார் போலிருக்கிறது என்று எட்டி எட்டிப் பார்த்தார்கள். நான் தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அறுபதைத் தொட்ட வயது எனக்கு. கல்யாணத்துக்குப் பிறகு என் கழுத்தில் மாலை விழுந்தது அன்றைக்குத்தான்.

நான் உடையார்பாளையத்துக்குத் தெற்கே முந்திரிக்காட்டு ஊர்க்காரி. வீட்டுக்காரர் ரெட்டிபாளையம் சிமெண்ட் பேக்டரியில் மூட்டை ஏற்றினார். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் நான் யார் வாசலிலும் கையேந்தி நின்றதில்லை. முந்திரிக்கொட்டை உடைத்தேன், மகனுக்குக் கல்யாணம் செய்துவைத்தேன், என் சோற்றை நானே பொங்கிக்கொண்டேன். படிப்பு என்று பெரிதாக இல்லை. பைபிளில் விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியவள். இதையும் அப்படித்தான் எழுதுகிறேன். ஒரு பக்கம் எழுத ஒரு பொழுது ஆகிறது. ஆகட்டும்.

வடக்கே, ஒடிசாவைத் தாண்டும் இடத்தில் இருக்கிற ஒரு காட்டு ஊருக்கு எங்கள் மிஷன்காரர்கள் ஒரு இளம் ஜோடியை அனுப்புவதாக இருந்தார்கள். பையன் அரியலூர்ப் பக்கம். தம்பி என்றுதான் அவனைக் கூப்பிடுவேன். பெண் பெரம்பலூர், நர்சரி ஸ்கூலில் டீச்சராக இருந்தவள். புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள். அந்தப் பெண்ணுக்குத் துணையாக வயதான அம்மா ஒருவர் கூட இருந்தால் நல்லது, வருஷக்கணக்கில் தங்க வேண்டியிருக்கும், யாராவது உண்டா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் கேட்டார். எல்லாரும் தலையைக் குனிந்து பாயில் கோரையைத் தடவிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து நின்றேன்.

வண்டி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அந்தப் பெண்ணின் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். மகளின் கையைப் பிடித்து என் கையில் வைத்தாள்.

"அக்கா, அங்க கஞ்சியோ கூழோ, எதுன்னாலும் குடிச்சிக்கட்டும். தலைப்பிரசவம் மட்டும் என் வூட்லதான் நடக்கணும். ஏழாம் மாசம் கொண்டாந்து வுட்டுடுங்க. வேற ஒண்ணும் கேக்கல நான்."

"அம்மா! நாலு பேரு நிக்கிற எடத்துல என்னா பேச்சு இது?" என்று பெண் கூச்சப்பட்டாள்.

"நீ செத்த சும்மா இரு. நான் அக்காகிட்ட பேசுறன்."

"ஒன் மவள ஒன் வாசல்ல கொண்டாந்து வுடுறது என் பொறுப்பு" என்றேன். வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். எங்கள் பக்கம் தாய் உயிரோடு இருக்கிற பெண் தலைப்பிள்ளையை வேறு எங்கும் பெறமாட்டாள். பெற்றால், அவளுக்கு யாரும் இல்லை போல என்று ஊர் பேசும்.

மிஷனுக்கு எங்கள் பகுதியில் பொறுப்பானவர் ஒரு ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர். ஐயா என்போம். வருஷா வருஷம் அவர் சபைக்கு வந்து விளக்கை அணைத்துவிட்டு வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் காட்டுவார். ஒட்டிய வயிறு, கையில் வில், மரத்தடியில் கல்லுக்கு முன்னால் ரத்தம். "இருளில் இருக்கிற ஜனங்கள்" என்று அவர் சொல்லும்போது பெண்கள் முந்தானையால் மூக்கைத் துடைப்பார்கள். நானும் துடைத்திருக்கிறேன். நாங்கள் போய் இறங்கினதும் அந்த ஜனங்கள் ஓடிவருவார்கள், ஒரு மரத்தடியில் தம்பி நின்று பேசுவான், நான் பக்கத்தில் நின்று அவர்கள் பிள்ளைகளின் தலையைத் தடவுவேன் என்று மனசில் வைத்திருந்தேன். இரண்டு சபையும் சேர்ந்து கொடுத்த பழைய துணி மூட்டைகளையும் தூக்கிக்கொண்டுதான் போனோம். உடுத்தத் துணி இல்லாத ஜனங்கள் என்று கேள்விப்பட்டிருந்தோம் அல்லவா?

ரயில், பஸ், அப்புறம் ஒரு ஜீப், கடைசியில் நடை. போய்ச் சேர்ந்ததும் ஊரார் எங்களைப் பார்த்து ஒரு பாயை விரித்து, புளியையும் காய்ந்த பூவையும் கூடையோடு கொண்டுவந்து வைத்தார்கள். பூ நம் ஊர் இலுப்பைப் பூ மாதிரி இருந்தது. எங்களைப் போல வெளியூரிலிருந்து மூட்டையோடு வருகிறவர்கள் சரக்கு வாங்கத்தான் வருவார்களாம். வாங்க வரவில்லை, கொடுக்க வந்திருக்கிறோம் என்று தம்பி அரைகுறை இந்தியில் சொன்னான். அதை அவர்கள் நம்பவில்லை. கூடையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள்.

துணியெல்லாம் நன்றாகத்தான் உடுத்தியிருந்தார்கள். பையன்கள் கையில் போன், அதில் பாட்டு. எங்கள் மூட்டையை மரியாதைக்காக வாங்கிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி ஒரு பூப்போட்ட நைட்டியை எடுத்துப்போய்ச் சோளக் கொல்லையில் கம்பில் மாட்டிவிட்டாள், குருவி விரட்ட. அது எந்த வீட்டு நைட்டி என்று எனக்குத் தெரியும். கொடுத்தவள் பாஸ்டரம்மா. காற்றடிக்கும்போதெல்லாம் பாஸ்டரம்மா கொல்லையில் நின்று கையை ஆட்டுகிற மாதிரியே இருக்கும். அந்தப் பெண்ணும் நானும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம். அங்கே நாங்கள் சிரித்த சிரிப்பில் பாதி அந்த நைட்டியைப் பார்த்துத்தான்.

தம்பி கிதாரைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனான். எல்லா வீட்டிலும் உட்காரச் சொல்வார்கள், பால் இல்லாத டீ கொடுப்பார்கள். பாட்டை இன்னொரு தடவை பாடச் சொல்லிக் கேட்பார்கள். அப்புறம் எழுந்து வேலைக்குப் போய்விடுவார்கள். ஒருவர் திட்டினார் என்று இல்லை, ஒருவர் அடித்தார் என்று இல்லை. அடித்திருந்தால்கூட ஊரில் சொல்ல ஒரு கதை இருந்திருக்கும். வெயில் போய் மழை வந்தது. மழையில் ஜீப் பாதை அறுந்தது. எங்கள் மூன்று பேருக்கும் மாற்றி மாற்றிக் குளிர்க்காய்ச்சல். தம்பி எலும்பாகிப் போனான்.

போனில் சிக்னல் வேண்டுமென்றால் ஊருக்குப் பின்னால் இருக்கிற பாறைமேல் ஏற வேண்டும். தம்பி ஏறுவான். ஐயா அந்தப் பக்கத்திலிருந்து கேட்பார்: "எத்தன பேரு தம்பி வர்றாங்க?"

"பேசிக்கிட்டிருக்கோங்க ஐயா."

"சபையில கேக்குறாங்கப்பா. போட்டோவாச்சும் அனுப்பு."

எங்கள் குடிசைமேல் மிஷன் வைத்துக்கொடுத்த சோலார் தகடு ஒன்று இருந்தது. சாயங்காலம் ஊர்ப் பையன்கள், பெரியவர்கள் எல்லாரும் போனைச் சார்ஜ் போட வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். போன் ஏறும்வரைக்கும் பேசிக்கொண்டிருப்பார்கள். தம்பி அதை ஒரு போட்டோ எடுத்து அனுப்பினான். என்ன ஏது என்று ஒன்றும் எழுதவில்லை. அரியலூரில் அந்தப் படத்துக்குக் கீழே 'மாலை ஆராதனை' என்று போட்டு எல்லார் போனுக்கும் அனுப்பியிருந்தார்கள். நான் பாறைமேல் ஏறியிருந்த ஒரு நாள் என் மகன் போன் பண்ணி, "அம்மா, ஊரே திரும்பிடுச்சாமே!" என்றான். "சார்ஜ் போட வந்தவங்கடா" என்றேன். சிக்னல் அறுந்துவிட்டது.

அந்தப் பெண் உண்டானது அதற்கு அடுத்த வருஷம். வாந்தியும் காய்ச்சலும் ஒன்றாக வந்ததில் முதலில் எங்களுக்குத் தெரியவில்லை. கண்டுபிடித்தவள் பக்கத்து வீட்டுக்காரி. அவள் பேச்சு எனக்குப் புரியாது, என் பேச்சு அவளுக்குப் புரியாது. ஆனாலும் அவள் வீட்டுக்குப் பின்னால் முந்திரி மரம் நின்றது. கொட்டை உடைக்கிற காலத்தில் நான் போய் எதிரே உட்காருவேன். இரண்டு பேர் கையிலும் முந்திரிப்பால் பட்டுத் தோல் உரிந்த தழும்பு. அதைக் காட்டிக் காட்டிச் சிரித்துக்கொள்வோம். ஒரு நாள் அவள் அந்தப் பெண்ணின் கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தாள், கழுத்தைத் தொட்டாள், என்னைப் பார்த்து இரண்டு கையையும் தொட்டில் மாதிரி ஆட்டினாள். அந்த ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் பிரசவத்தில் ஏந்தினவள் அவள்தான் என்று பிறகு தம்பி விசாரித்துச் சொன்னான்.

அது முதல் அவள் தினமும் வருவாள். ஏதோ கீரை கொண்டுவருவாள். காலில் எண்ணெய் தேய்த்துவிடுவாள். கறுப்புக் கயிறு ஒன்று கட்ட வந்தாள். தம்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை. கயிற்றைத் தன் இடுப்பிலேயே செருகிக்கொண்டு மறுபடியும் எண்ணெய் தேய்த்தாள்.

ஏழாம் மாசம் கார்த்திகையில் வந்தது. கிளம்ப நான் பெட்டியைக் கட்டினேன். ஐயாவிடமிருந்து போன். பணித்தளத்தைப் பார்க்க இரண்டு சபையிலிருந்தும் ஒரு குழு வரப்போகிறதாம். முதலில் ஐப்பசி என்றிருந்தார்கள், அப்புறம் அறுப்பின் பண்டிகை வந்தது, அப்புறம் கிறிஸ்துமஸ். கடைசியில் பொங்கல் லீவு என்று முடிவாயிற்று.

"குடும்பமா நீங்க அங்க இருந்தாத்தான்யா பாக்குறவங்களுக்கு ஒரு இது இருக்கும்" என்றார் ஐயா. "தங்கச்சியத் தனியா எதுக்கு அனுப்புற? திரும்பும்போது நாங்களே கூட்டமா அழச்சிட்டு வந்துடுறோம். துணைக்குத் துணையும் ஆச்சு."

தம்பி பாறையிலிருந்து இறங்கி வந்து சொன்னான். "ஐயா சொன்னா சரியாத்தான் இருக்கும் பெரியம்மா."

பெண்ணின் அம்மாவிடம் நான்தான் பேசினேன். பாறைமேல் மூச்சு வாங்க ஏறி. அந்தப் பக்கம் ஒரே கத்தல். "என்னாக்கா இது! ஏழாம் மாசம்னு சொன்னது எட்டுங்கிறீங்க, இப்ப ஒம்பதுங்கிறீங்க! வளையல் வாங்கி வச்சிட்டு ஒக்காந்திருக்கன். மானங்கெட்ட பொழப்பா இருக்கு எனக்கு." அப்புறம் மெல்லிய குரலில், "எப்படியாச்சும் கொண்டாந்துடுங்கக்கா. எம் புள்ள அந்தக் காட்டுல பெத்துக்கக் கூடாது" என்றாள்.

"கொண்டாந்துடுறன்" என்றேன்.

ஜீப்பில் ஒரு பகல் போனால் ஒரு டவுன் இருந்தது, ஆஸ்பத்திரியும் இருந்தது. அங்கேயே பெற்றுக்கொள்ளலாமே என்று எங்கள் மூன்று பேரில் ஒருவர் வாயிலும் வரவில்லை. பெரம்பலூரில் அம்மா வீடு இருக்கும்போது அது எதற்கு என்றுதான் இருந்தோம்.

தை மாசம் குழு வந்து இறங்கியது. ஒரே மாதிரித் தொப்பி, தண்ணீர் பாட்டில் கட்டுக்கட்டாக. பெண்ணின் அம்மா அவர்களிடம் கண்ணாடி வளையலும், புளிக்காய்ச்சலும், முறுக்கும் கொடுத்தனுப்பியிருந்தாள். மிஷனில் நகை, வளையல் கூடாது. ஐயா பார்க்காதபோது நான் அந்தப் பெண்ணின் கையில் வளையலை ஏற்றினேன். பக்கத்து வீட்டுக்காரி அவள் கையைப் பிடித்து ஆட்டி ஆட்டிச் சத்தம் கேட்டாள். எனக்கு ஒன்று வேண்டும் என்பது மாதிரி தன் கையை நீட்டினாள். அவள் கைக்கு ஒன்றும் நுழையவில்லை.

சாயங்காலம் ஐயா வாசலில் உட்கார்ந்து ஆராதனைக்குக் காத்திருந்தார். ஜனங்கள் வந்தார்கள். போனைச் செருகினார்கள். டீ கேட்டார்கள். குழுவில் வந்தவர்கள் பாடினார்கள், ஜனங்கள் தலையை ஆட்டிக் கேட்டார்கள், போன் ஏறினதும் எழுந்து போனார்கள். ஐயா காலியாகக் கிடந்த வாசலைப் பார்த்தார்.

"இவ்ளோதானாம்மா?" என்றார் என்னிடம்.

"இவ்ளோதாங்க ஐயா. நல்ல சனங்க. போற எடத்துலல்லாம் டீ குடுப்பாங்க."

தம்பி குடிசைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். ஐயா அவனைத் தேடிப்போய்த் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நின்றார். அந்த மனுஷன் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லாமல் மேலே எழுதக் கூடாது.

கிளம்புகிற காலை. ஜீப் நிற்கிற இடம்வரைக்கும் நடக்க வேண்டும். பணித்தளத்தைக் காலியாக விடக் கூடாது என்று தம்பி அங்கேயே தங்குவதாக ஏற்பாடு. பெண்ணும் நானும் குழுவோடு. மூட்டையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால், பக்கத்து வீட்டுக்காரி வழியில் நிற்கிறாள். இடுப்பில் ஒரு கோழி. கோழியைக் கீழே விட்டுவிட்டு வந்து பெண்ணின் வயிற்றின்மேல் இரண்டு கையையும் வைத்தாள். கீழே அழுத்தினாள். முகத்தைப் பார்த்தாள். அப்புறம் தன் வாசலுக்குப் போய்க் குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையால் தரையைத் தட்டினாள். ஒரு தட்டு, இன்னொரு தட்டு. எங்களைப் பார்த்தாள்.

"என்னா சொல்றாங்க?" என்றார் ஐயா.

தம்பி தயங்கினான். "தலை கீழ எறங்கிடுச்சாங்க ஐயா. வழியில தாங்காதாம். இங்கயே இருக்கட்டும், நான் ஏந்திக்கிறேங்குறாங்க."

ஐயா கோழியைப் பார்த்தார், அவள் இடுப்பில் செருகியிருந்த கறுப்புக் கயிற்றைப் பார்த்தார்.

"மந்திரிச்சிக் கட்டுவாங்க. கோழி அறுப்பாங்க. ஊழியத்துக்குன்னு வந்துட்டு ஊழியக்காரன் புள்ளயே அப்படிப் பொறந்துச்சுன்னா, நாம என்னாத்தப் போயிச் சொல்றது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. யோசித்துத்தான் சொன்னார்.

அந்தப் பெண் என்னைத்தான் பார்த்தாள். "பெரியம்மா?" என்றாள்.

"ஒங்கம்மா காத்துக்கிட்டிருக்காம்மா. வா கண்ணு" என்றேன்.

நடந்தோம். திரும்பிப் பார்த்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. கை தரையிலேயே இருந்தது.

ஜீப்பில் அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். ரயில் ஏறினதும் கொஞ்சம் தெளிச்சியாக இருந்தாள். கீழ் பர்த்தில் படுக்கவைத்தேன். குழு பாடிக்கொண்டே வந்தது. மறுநாள் மத்தியானம் ஆந்திராவில் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறோம், அவள் என் கையைப் பிடித்தாள். வளையல் என் மணிக்கட்டில் அழுந்தியது. "பெரியம்மா, ஈரமா இருக்கு" என்றாள்.

ஐயா எழுந்து நின்று ஜெபித்தார். எல்லாரும் ஜெபித்தார்கள். பொய்வலியாக இருக்கும், சென்னை போய்விடலாம் என்று யாரோ சொன்னார்கள். நான் புடவையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "சங்கிலிய இழுங்க, இல்லாட்டி அடுத்த ஸ்டேஷன்ல எறக்குங்க. ஜெபத்த எறங்கி நின்னு பண்ணிக்கலாம்" என்று கத்தினேன். அடுத்தது ஒரு பெரிய ஜங்ஷன். ஐயாவும் எங்களோடு இறங்கினார். மற்றவர்களுக்கு ஆபீஸ், ஸ்கூல், லீவு முடிந்துவிட்டது. அவர்கள் ஜன்னல் வழியாக அழுதுகொண்டே போனார்கள். ஐயா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாஷை தெரியாத ஊரில், "டாக்டர், டாக்டர்" என்று பிளாட்பாரம் முழுக்க ஓடினார். எழுபது வயது மனுஷன்.

ஆஸ்பத்திரியில் அவர்களால் ஆனதைச் செய்தார்கள். ஊசி போட இடைஞ்சலாக இருக்கிறது என்று நர்ஸ் வளையலை நறுக்கி எடுத்தாள். பிள்ளை பிறந்தது. ஆண். முழுசாக இருந்தான், தலையில் மயிர்கூட நிறைய. அழவில்லை. என் கையில்தான் கொடுத்தார்கள். கொஞ்சம் சூடு இருந்தது. அது என் கைச்சூடு என்று அப்புறம்தான் தெரிந்தது.

ஐயா அந்த ஊரில் தேடித் திரிந்து ஒரு பாஸ்டரைக் கண்டுபிடித்தார். கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் இடம் கொடுத்தார்கள். ஐயாதான் பிள்ளையை ஏந்திக்கொண்டு போனார். வழியெல்லாம் அவர் தோள் குலுங்கியது. குழிக்கு வெளியே நின்று என்ன பேர் என்று அந்த ஊர்ப் பாஸ்டர் கேட்டார். எங்களிடம் பேர் இல்லை. தலைப்பிள்ளைக்குப் பேர் பெரம்பலூரில் அவன் அம்மாயி வைப்பதாக இருந்தது.

அந்தப் பெண் நடக்கிற அளவுக்கு ஆனதும் மறுபடி ரயில். அரியலூரில் இறங்கினபோது பிளாட்பாரத்தில் எங்களுக்கென்று ஒருவரும் இல்லை. யாருக்கும் சொல்லவில்லை நான். பெரம்பலூர் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். சுண்ணாம்புக்கல் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. மார்பில் பால் கட்டி ரவிக்கை நனைந்திருந்தது. என் சால்வையை எடுத்துப் போர்த்திவிட்டேன். வழியனுப்பும்போது போட்ட அதே சால்வை.

அவள் அம்மா வாசலில் நின்றாள். விஷயம் போனிலேயே போயிருந்தது.

"வந்துட்டீங்களாக்கா" என்றாள். மகளைப் பார்த்து, "கால அலம்பிட்டு உள்ள வா" என்றாள்.

கொடுத்த வாக்குப்படி அவள் மகளை அவள் வாசலில் கொண்டுவந்து விட்டேன்.

ஒரு மாசம் போனதும் பெரம்பலூர்ச் சபையில் மிஷன் ஞாயிறு வந்தது. சாட்சி சொல்ல வரச் சொன்னார்கள். போகும்போதே ஐயா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "அம்மா, அந்தப் பொம்பள விஷயம் மட்டும் வேண்டாம். தங்கச்சியோட அம்மா முன்னாடி ஒக்காந்திருப்பாங்க. தாங்கமாட்டாங்க." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

ஐயா பேசினார். திரையில் சார்ஜ் போடுகிற படம் வந்தது, மாலை ஆராதனை என்று. அந்தப் பிள்ளை அந்த மண்ணுக்காக விதைக்கப்பட்ட விதை என்றார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அடுத்த குடும்பம் ஒன்று எழும்ப வேண்டும் என்று கையை உயர்த்தினார். "அந்த இருளிலே ஒரு பிள்ளையை ஏந்துவதற்கு ஒரு கை இல்லை, பிரியமானவர்களே" என்றார்.

அடுத்து என்னிடம் மைக்கைக் கொடுத்தார்கள்.

"கை இருந்துச்சுங்க" என்றேன். "அந்த ஊரு புள்ளைங்களையெல்லாம் ஏந்துன கை. அந்தம்மா எங்கள வழிமறிச்சி, வயித்தத் தொட்டுப் பாத்து, இங்கயே வுட்டுட்டுப் போங்கன்னு தரையத் தட்டிக் காமிச்சா. நாங்கதான் வேண்டான்னு வந்தோம். படத்துல இருக்கறவங்க போன் சார்ஜ் போட வந்தவங்க. எங்களுக்கு ஒரு கெடுதலும் பண்ணல. இதாங்க நான் பாத்தது."

ஆமென் என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் என் இடத்தில் போய் உட்கார்ந்தேன். முன் வரிசையில் அந்தப் பெண்ணின் அம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

வெளியே செருப்பு மாட்டும்போது ஐயா வந்தார். "சொல்லியிருக்க வேண்டாமேம்மா."

"கை இல்லன்னு நீங்க சொல்லியிருக்க வேண்டாங்க ஐயா."

அதற்கு மேல் அவர் எந்தக் குழுவையும் அழைத்துக்கொண்டு போனதாக நான் கேள்விப்படவில்லை. தம்பி அந்த வருஷமே திரும்பி வந்துவிட்டான். எறையூர்ப் பக்கம் கரும்பு லோடு டிராக்டர் ஓட்டுகிறான். கிதார் இருக்கிறதா, விற்றுவிட்டானா தெரியாது. அவள் மறுபடி நர்சரி ஸ்கூலுக்குப் போகிறாள். அதற்கப்புறம் அவளுக்குக் கரு தங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றித் தெரிந்துகொள்ள வழி இல்லை. சோலார் தகட்டை எடுக்காமல் அங்கேயே விட்டுவிட்டு வந்ததாகத் தம்பி சொன்னான். அது ஒன்று நல்லதாயிற்று.

கண் ஆஸ்பத்திரிக்கு நான் பெரம்பலூர் போகும்போதெல்லாம் அந்தப் பெண்ணின் அம்மா வீட்டுக்குப் போவேன். போகாமல் இருக்கலாம். ஆனால் போகாவிட்டால், தப்புச் செய்தவள் ஒளிகிற மாதிரி ஆகிவிடும். எனக்கு ஒளிந்து பழக்கம் இல்லை. அவளும் ஒரு தடவைகூட முகம் திருப்பியதில்லை. காபி போடுவாள், மிக்சர் வைப்பாள், மழை பெய்ததா, முந்திரி என்ன விலை என்று கேட்பாள். நான் கிளம்புவதற்காகப் பையைத் தேடும்போதுதான் அதைக் கேட்பாள். எப்போதும் அப்போதுதான்.

"நெசமாவே தரையத்தான் காமிச்சாளாக்கா?"

"ஆமா."

"வேற எதாச்சும் சொல்லியிருப்பாளோ? வெயில் ஏறுது, செத்த ஒக்காந்துட்டுப் போங்கன்னு?"

"இல்ல. தம்பிதான் அர்த்தம் சொன்னானே."

"அவனுக்கும் அரைகுறையாத்தானே தெரியும்."

"கைக்கு எதுக்கு அர்த்தம்? நான் பாத்தன்."

போன தடவை போயிருந்தபோது அவள் அதோடு விடவில்லை. அவளுக்கும் வயதாகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, "எப்படிக் காமிச்சான்னு ஒருதரம் காமிங்கக்கா" என்றாள். உள் அறையில் மகள் ஸ்கூல் புடவையை மடித்துக்கொண்டிருந்தாள். மடிக்கிற சத்தம் நின்றது.

எனக்கு முழங்கால் மடங்காது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குந்தி உட்கார்ந்தேன். அவள் வீட்டுச் சிமெண்டுத் தரையில் உள்ளங்கையை வைத்துத் தட்டினேன். ஒரு தட்டு, இன்னொரு தட்டு. அப்படியே கையை எடுக்காமல் வைத்திருந்தேன், அவள் வைத்திருந்த மாதிரி.

பெண்ணின் அம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.